கிழக்கு முகத்தில் கிடைத்த எண்

மலையின் கிழக்கு முகத்தை வெடி வைத்துத் திறந்த அன்று, புகை அடங்கியதும் உள்ளே ஓர் எண் இருந்தது. கருங்கல்லால் ஆன எண். அறுபது தப்படி நீளம், இரண்டு ஆள் உயரம். யாரும் உளி வைக்காமலே அதன் நெற்றியில் ஏழு இலக்கம் பதிந்திருந்தது: 96,99,691. வெடிக்காரர் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கிவிட்டு, தொண்ணூற்றாறு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றொன்று என்று வாய்விட்டு வாசித்தார். வாசித்து முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அந்தக் குவாரியில் வெடிக்குப் பிறகு பாம்பு வந்திருக்கிறது, ஊற்று வந்திருக்கிறது, ஒரு முறை எந்த மரத்தினுடையது என்று தெரியாத வேர் முப்பதடி வந்திருக்கிறது. எண் வந்தது அதுதான் முதல் தடவை. அன்றைய வேலைப் பதிவேட்டில் ‘பாறை ஒன்று, வழியில்’ என்று எழுதிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

சிக்கல் அது வழியில் நின்றதுதான். குவாரியின் வாய் குறுகலானது. நல்ல கல்லெல்லாம் எண்ணுக்குப் பின்னால் இருந்தது, லாரியெல்லாம் எண்ணுக்கு முன்னால் நின்றது. வெடி வைத்துப் பார்த்தார்கள். புகை போனதும் எண் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி பளபளத்தது, அவ்வளவுதான். இனி ஆப்புதான் வழி என்று முடிவாயிற்று.

ஆப்பு வேலை அந்தக் குவாரியில் பதினேழு ஆண்களின் வேலை. பாறையில் வரிசையாகக் குழி எடுத்து, குழிக்கு ஒன்றாக இரும்பு ஆப்பை இறக்கி, சம்மட்டியால் முதல் ஆப்பிலிருந்து கடைசி ஆப்பு வரை ஒரே பலத்தில் அடித்துக்கொண்டு போவார்கள். இரண்டாவது சுற்றிலோ மூன்றாவது சுற்றிலோ கல் வாய்விடும். ஒவ்வொருவர் சாக்கிலும் இருபது ஆப்பு. அதுதான் ஒரு செட்டு. அந்தப் பதினேழு பேருக்கும் தலைவரை ஆப்பு மேஸ்திரி என்பார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கைக்குப் பிளக்காத கல் இல்லை. கல்லில் காதை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டில் என்ன நடக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது என்று ஜல்லி உடைக்கிற பெண்கள் சிரிப்பார்கள். அவர் மனைவியும் அந்தப் பெண்களில் ஒருத்தி.

முதல் நாள் இரண்டு ஆப்பு. கல் சரிபாதியாகப் பிளந்தது. இரண்டு பாதியின் நெற்றியிலும் 48,49,845 என்று புதிதாகப் பதிந்திருந்தது. நடுவிலிருந்து கட்டைவிரல் அளவு ஒரு சில்லு துள்ளி விழுந்தது. அதன் மேல் 1 என்று இருந்தது. ஆட்கள் கைதட்டிவிட்டு டீயை எடுத்தார்கள். டீ ஆறுவதற்குள் சில்லு எழும்பித் தன் இடத்துக்குப் போயிற்று, இரண்டு பாதியும் நகர்ந்து ஒட்டிக்கொண்டன, நெற்றியில் பழைய ஏழு இலக்கம் திரும்பியது. மறுநாள் மூன்று ஆப்பு: மூன்று துண்டு, ஒரு சில்லு, டீ, பழையபடி பாறை. ஒரு வாரத்தில் அதன் குணம் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. எத்தனை ஆப்போ அத்தனை சம துண்டு. மிச்சம் சில்லாக விழும். சில்லு விழுந்தால் கல் திரும்ப ஒன்றாகிவிடும். ஐந்துக்கு ஒரு சில்லு, ஏழுக்கு ஒரு சில்லு, பதினொன்றுக்கு ஒரு சில்லு. பதின்மூன்றுக்கு விழுந்த சில்லை ஓர் ஆள் ரகசியமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டீ நேரத்தில் சில்லு பையோடு கிழித்துக்கொண்டு போய் ஒட்டியது. அந்தத் துணி நுனி கல்லின் இணைப்பில் நெடுநாள் ஆடிக்கொண்டிருந்தது. பதினேழு, பத்தொன்பது ஆகிய இரண்டுக்கும் அதே ஒரே ஒரு சில்லு. நடுவில் நாலு, எட்டு, ஒன்பது என்று அடித்த நாட்களில் சில்லு கூடுதலாக விழுந்ததே தவிர வேறு பிரயோசனம் இல்லை.

பத்தொன்பதாம் நாள் இருபது ஆப்பும் அடித்தாயிற்று. பதினோரு சில்லு விழுந்து பதினொன்றும் திரும்பிப் போயின. மேஸ்திரி சுண்ணாம்பு வாளியைக் கொண்டுவரச் சொல்லி, பாறையின் மேல் பெருக்கல் குறி போட்டார். ஒரு செட்டு ஆப்புக்கும் மசியாத கல் ஒற்றைக்கல். சுண்ணாம்புக் குறி விழுந்த கல்லை எவரும் தொடக்கூடாது என்பது குவாரி உண்டான நாள் முதல் இருக்கிற வழக்கம். குத்தகைக்காரர் வந்து பார்த்தார். மூன்று மாதத்தில் வழி திறக்காவிட்டால் குத்தகையை விட்டுவிட்டு, இயந்திரம் வைத்து வேறொரு மலையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வேறு மலையில் இயந்திரம்தான் வேலை செய்யும். குவாரியின் லைன் வீடுகளில் இருந்த நாற்பத்து மூன்று குடும்பமும் சட்டி பானையைக் கட்ட வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி கை கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, ரெண்டு துண்டா வராத கல்லை நாலு துண்டாக்க எதுக்கு ஒரு நாள் பூரா அடிச்சீங்க?”

“எல்லாத்தையும் பார்க்கணும்ல. அதான் முறை.”

“நாலா பொளந்திருந்தா அதை ரெண்டு ரெண்டா சேர்த்து வச்சா ரெண்டுதானே? அந்த ரெண்டுதான் முதல் நாளே வரலையே. ஆறு, எட்டு, பத்து எல்லாம் வெட்டி வேலை. பாதி நாளை வீணடிச்சிட்டீங்க.”

“ஜல்லி உடைக்கிறவ ஜல்லி உடை. எனக்கு ஆப்பு சொல்லிக் குடுக்காதே.”

“சொல்லிக் குடுக்கல, கேக்கறேன். இருபதோட ஏன் நிறுத்தினீங்க?”

“சாக்குல இருபதுதான் இருக்கு.”

“உங்க சாக்குல எவ்வளவு இருக்குன்னு கல்லுக்குத் தெரியுமா?”

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். 

அவளுக்குப் பள்ளிக்கூடம் நாலாவதோடு முடிந்தது. வகுத்தல் கற்றுக்கொடுத்த வாரம் அவள் போயிருந்தாள், அது போதுமானதாக இருந்தது. பதினாறு வருடம் ஜல்லி உடைத்ததில், ஓர் அடிக்கு ஒன்று என்று எண்ணி எண்ணி எண்கள் அவள் கைக்குப் பழகிவிட்டன. எந்த எண்ணையும் இடப்பக்கத்திலிருந்து ஓரோர் இலக்கமாக இறக்கி, மிச்சத்தைக் காலடியில் ஜல்லியாக வைத்து, அடுத்த இலக்கத்தை அதன் பக்கத்தில் சேர்த்து, சுத்தியல் நிற்காமலே வகுத்துவிடுவாள். மறுநாள் காலை குவாரி வாயில் எல்லோரும் கூடியிருந்த நேரத்தில், இருபத்து மூன்று ஆப்பு அடித்தால் பதினாறு சில்லு விழும் என்று சொன்னாள். ஆப்பு ஆட்கள் சிரித்தார்கள். குறி போட்ட கல்லைத் தொட மாட்டோம் என்றார்கள். குவாரிக் கொல்லர் அவளுடைய அண்ணன். அவர் ஆப்பு ஆள் இல்லை, அதனால் வழக்கம் தன்னைக் கட்டாது என்று சொல்லி உலைப் பட்டறையிலிருந்து சம்மட்டியும், தீட்ட வந்திருந்த இரண்டு சாக்கு ஆப்புமாக வந்தார்.

“மச்சான், நான் அடிக்கறேன். பதினாறு விழலைன்னா என் தங்கச்சியை நானே கூட்டிட்டுப் போயிடறேன்.”

“கூட்டிட்டுப் போறதுக்கு நான் என்ன இரவல் வாங்கின கடப்பாரையா?” என்றாள் அவள். “பேசாம அடிங்கண்ணே.”

பதினாறு சில்லு விழுந்தது. பொறுக்கி வரிசையாக வைத்து மூன்று பேர் எண்ணினார்கள். மறுநாள் இருபத்தொன்பதுக்கு மூன்று என்றாள், மூன்று விழுந்தது. அதற்கு மறுநாள் முப்பத்தொன்றுக்கு எட்டு என்றாள், எட்டு. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இனிமேல் கல்லை அடித்துப் பார்க்க வேண்டாம், சில்லே விழாத எண் வரும்போது சொல்கிறேன் என்று அவள் ஜல்லிக் குவியலுக்குத் திரும்பிவிட்டாள். எது வரைக்கும் பார்க்க வேண்டியிருக்கும் என்று கொல்லர் கேட்டார். மூவாயிரத்து நூற்றுப் பதினாலு வரைக்கும் என்றாள்.

“அதுக்கு மேல வேணாமா?”

“அதை அதாலயே பெருக்கினா ஏறக்குறைய கல்லோட எண் வந்துடும். அதுக்கு மேல எத்தனை துண்டு போட்டாலும் ஒவ்வொரு துண்டும் அதைவிடச் சின்னதாதான் இருக்கும். அந்தச் சின்ன எண்ணை நான் முன்னாடியே பார்த்திருப்பேன்ல. மூவாயிரத்து நூத்திப் பதினாலு வரைக்கும் ஒண்ணும் வரலைன்னா உங்க மச்சான் போட்ட குறி சரி. நானே போய்க் கும்பிட்டுட்டு வர்றேன்.”

ஒரு நாளைக்கு ஓர் எண். காலையில் ஒரு முறை, மதியத்துக்குப் பிறகு சரிபார்க்க இன்னொரு முறை. வேறு எண்ணால் வகுபடுகிற எண்களையெல்லாம் தள்ளிவிட்டாள், அவை வெட்டி வேலை. ஐம்பத்து மூன்றுக்கு இரண்டே மிச்சம் என்று வந்த அன்று பெண்கள் துள்ளிக் குதித்தார்கள். ரெண்டு மிச்சமானாலும் மிச்சம்தான் என்று சொல்லி அவள் அடுத்ததற்குப் போனாள். அவளுக்குப் பக்கத்துக் குவியலில் உடைக்கிறவளுக்கு வாயாடி என்று பெயர், அது சும்மா வந்த பெயர் இல்லை. அவள் தினமும் வேலை முடிகிற நேரத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பாள்.

“இன்னைக்கு யாரு கவுந்தது?”

“நூத்தி ஒண்ணு.”

“எவ்வளவு பாக்கி?”

“அம்பத்தஞ்சு.”

“அடப் பாவி, பார்க்க எவ்வளவு லட்சணமா இருந்தான்!”

மேஸ்திரி இதையெல்லாம் கேட்காத மாதிரி கடந்து போவார். வழி அடைத்துக் கிடந்ததால் ஆப்பு ஆட்களுக்கு வேலை இல்லை. பழைய சரிவில் கிடந்த கழிவுக் கல்லை உடைத்துப் பெண்கள்தான் அந்த இரண்டு மாதமும் வீடுகளை நடத்தினார்கள். ஆண்கள் கூடை தூக்கினார்கள். அவர்களில் சிலர் நன்றாகவே தூக்கினார்கள்.

இருபத்து மூன்றில் தொடங்கி அறுபத்தோராம் நாள் அவள் முந்நூற்று நாற்பத்தேழை எடுத்தாள். தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் இரண்டு தடவை போக இருநூற்று எழுபத்தைந்து நின்றது. அடுத்த ஒன்பதை இறக்கினாள், முந்நூற்று முப்பது நின்றது. ஆறை இறக்கினாள், நூற்று எண்பத்து மூன்று. ஒன்பதை இறக்கினாள், நூற்று நாலு. கடைசியில் இருந்த ஒன்றை இறக்கினபோது ஆயிரத்து நாற்பத்தொன்று ஆயிற்று. மூன்று முந்நூற்று நாற்பத்தேழு ஆயிரத்து நாற்பத்தொன்று. காலடியில் ஜல்லி இல்லை. அவள் சுத்தியல் நின்றுபோன சத்தத்துக்கு இருபது பெண்களும் தலையைத் தூக்கினார்கள். முதலிலிருந்து இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மேஸ்திரி தண்ணீர் டிரம் மேல் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே போய் நின்று, முந்நூற்று நாற்பத்தேழு ஆப்பு, துண்டுக்கு இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று, மிச்சம் இல்லை என்றாள். குறியை நீங்கதான் அழிக்கணும், வேற யார் அழிச்சாலும் அது உங்களுக்கு மரியாதை இல்லை என்றும் சொன்னாள்.  அவர் எழுந்து பாறைக்குப் போனார். அவருக்குக் கணக்கு வராது, காது வரும். கல்லில் காதை ஒட்டிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். இருபது தட்டியதும் நிறுத்திக் கேட்டார். ஓசை பின்னால் கொஞ்சம் இழுத்தது, கதவு சரியாகச் சாத்தாத மாதிரி. மறுபடி முதலிலிருந்து தட்டினார். இந்த முறை நிறுத்தவில்லை. பாறையைச் சுற்றி நடந்துகொண்டே முந்நூற்று நாற்பத்தேழு தட்டு. நிறுத்தியபோது ஓசை அங்கேயே அறுந்து நின்றது, இழுவை இல்லை.  பிறகு ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் கேட்டு வாங்கி, எல்லோரும் பார்க்கச் சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவினார்.

“இருபதோட நிறுத்தினது என் தப்பு. கல்லு மேல தப்பு இல்ல. இவ சொல்றதுதான் சரி. சாக்கை எல்லாம் எடுத்துட்டு வாங்கடா.”

பதினேழு சாக்கையும் கொட்டினார்கள். பதினேழு இருபது முந்நூற்று நாற்பது. ஏழு குறைந்தது. குத்தகைக்காரரிடம் இரும்பு கேட்டுப் போனார்கள். ஒற்றைக்கல்லுக்குப் போட இரும்பு இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அந்த வாரமே வேறு மலைக்குப் பேசி முடித்திருந்தார். பட்டறையில் துரு தவிர வேறு இல்லை. கொல்லர் அடுப்பு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது, தங்கை தன் ஜல்லிச் சுத்தியலைக் கொண்டுபோய் உலையில் வைத்தாள். பதினாறு வருடம் அவள் உள்ளங்கைக்குத் தேய்ந்த சுத்தியல் அது. அதில் ஓர் ஆப்புக்கு இரும்பு இருந்தது. சுத்தியல் இல்லாமல் நாளைக்கு ஜல்லி இல்லை, ஜல்லி இல்லாமல் வீட்டில் அடுப்பு இல்லை. அந்த இரண்டு மாதத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இருந்தும் இன்னும் ஐந்து பெண்கள் அடுத்தடுத்து வந்து வைத்தார்கள். ஏழாவதை வாயாடி கொண்டுவந்தாள்.

“நல்லாக் கேட்டுக்கோ. இது மட்டும் பொளக்கலைன்னா உன் மண்டையில வச்சுதான் நான் ஜல்லி உடைப்பேன்.”

“எதை வச்சு உடைப்பே? சுத்தியல் உலையில இருக்கு.”

“பல்லை வச்சு உடைப்பேன்டி.”

குழி எடுக்கவே மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஆப்பு வரிசை பாறையை மூன்று சுற்றுச் சுற்றி வந்தது. புது ஆப்பு ஏழும் பழையவற்றைவிடக் குட்டை. அவற்றைக் கல்லின் நெற்றிக்கு நேராக இறக்கினார்கள். குத்தகைக்காரர் குறித்த கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தபோது சம்மட்டி அடி ஆரம்பித்தது. முதல் சுற்றில் கல் பேசவில்லை. இரண்டாவது சுற்றில் பெருமூச்சு மாதிரி ஏதோ விட்டது. மூன்றாவது சுற்றை மேஸ்திரி ஒருவரே அடித்துக்கொண்டு வந்தார். முந்நூற்று நாற்பத்தாறு ஆனதும் நின்று, வியர்வையைத் துடைத்துவிட்டு, கடைசி அடியை நீ அடி என்று மனைவியிடம் சம்மட்டியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“அது உங்க வேலைங்க. என் வேலையை நான் முடிச்சுட்டேன்.”

அவர் அடித்தார். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு கதவைச் சரியாகச் சாத்தின அளவுக்குத்தான். பாறை முந்நூற்று நாற்பத்தேழு துண்டாக விலகி நின்றது. எல்லாத் துண்டின் நெற்றியிலும் 27,953. தரையில் குனிந்து சில்லைத் தேடினார்கள், ஒன்றும் இல்லை. வாயாடி எல்லோருக்கும் டீ ஊற்றினாள். யாரும் குடிக்கவில்லை, டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லையே பார்த்தபடி நின்றார்கள். டீ ஆறியது. மேலே ஆடை கட்டியது. ஈ வந்து உட்கார்ந்தது. ஒரு துண்டும் அசையவில்லை. அப்போதுதான் மேஸ்திரி, அங்கே இருந்த நூற்றெழுபது பேரும் அறிந்த ஒரு விஷயத்தை அவர்களுக்குத் தெரியாதது மாதிரி கையை நீட்டிச் சொன்னார்: “அதோ நிக்கிறா பாருங்க, என் சம்சாரம்.”

வழி திறந்தது, லாரி உள்ளே போயிற்று, குத்தகைக்காரர் வேறு மலைக்கு எழுதின தாளைக் கிழித்துப் போட்டார். கிழித்த கையோடு அவரிடம் இருபத்திரண்டு புதுச் சுத்தியல் கேட்டு வாங்கினார்கள். ஏழு போதுமே என்று அவர் சொன்னதற்கு, பதினைந்து எங்கள் மரியாதைக்கு என்று வாயாடி பதில் சொன்னாள். குவாரி அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் ஓடியது. அந்தக் குடும்பங்களில் கல்யாணங்கள் நடந்தன, பிள்ளைகள் பிறந்தார்கள், வாயாடியின் பல் இரண்டு விழுந்தது, ஒரு குடும்பமும் சட்டி பானையைக் கட்டவில்லை.

துண்டுகளைத்தான் என்ன செய்வதென்று கொஞ்ச நாள் தெரியாமல் இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு கட்டிலைவிட நீளம், ஓர் ஆள் கையை வீசி நடக்கிற அகலம். ஆப்பு ஆட்களுக்குக் கை அரித்தது. நூற்று அறுபத்தேழு வரைக்கும் உள்ள முப்பத்தொன்பது எண்ணும் பெரிய கல்லிலேயே மிச்சம் வைத்தாயிற்று, துண்டுக்கு அதை மறுபடி பார்ப்பது வெட்டி வேலை, இது நிஜமாகவே ஒற்றைக்கல், வேலையைப் பாருங்கள் என்றாள் அவள். அவர்கள் சாக்கைக் கட்டி வைத்தார்கள். குடும்பத்துக்கு இத்தனை என்று பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றார் கொல்லர். எட்டெட்டாகக் கொடுத்தால் மூன்று மிஞ்சியது. அந்த மூன்றையும் தன் வீட்டு வாசலுக்குக் கேட்டார் குத்தகைக்காரர். அவள் சிரித்தாள். முந்நூற்று நாற்பத்தேழையும் எந்த எண்ணாலும் சமமாகப் பங்கு போட முடியாது, எல்லாம் ஒருத்தருக்குப் போகணும், இல்லைன்னா ஆளுக்கு ஒண்ணுன்னு முந்நூற்று நாற்பத்தேழு பேர் வேணும் என்றாள். அதனால் பங்கு போடவில்லை. லைன் வீடுகளிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகிற வழி முழங்கால் ஆழச் சேறு. உருளைக் கட்டையும் கடப்பாரையும் வைத்து எல்லாக் கல்லையும் ஒன்றன் பின் ஒன்றாக அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். முதல் கல்லை வீட்டு வாசலில் வைத்தார்கள், முந்நூற்று நாற்பத்தேழாவது ரோட்டு விளிம்பைத் தொட்டது. யாரும் அளந்து பார்த்துப் போட்டதில்லை.

அந்தக் கல் தேய்வதில்லை. குறுக்கே லாரி ஏறியும் கீறல் விழவில்லை, மழைக்குப் பாசி பிடிப்பதில்லை, எண் அழிவதில்லை. அந்த வழியில் நடந்துதான் பிள்ளைகள் இலக்கம் வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். பல வருடம் கழித்து ரோட்டு இலாகா என்ஜினீயர் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். கல்லைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், கடப்பாரையால் நெம்பிப் பார்த்துக் கடப்பாரையை வளைத்துக்கொண்டார். இவ்வளவு நல்ல கல்லை வைத்துக்கொண்டு ஏன் ஒரே வரிசையாகப் போட்டீர்கள், இரண்டு வரிசையாகப் போட்டிருந்தால் எதிரே வருகிறவருக்கும் இடம் இருந்திருக்குமே என்று கேட்டார். மேஸ்திரிக்கு அப்போது தலை முழுக்க நரைத்திருந்தது, காதும் கொஞ்சம் மந்தம். கேள்வியை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

“ரெண்டு வரிசையா போட்டா ஒண்ணு மிஞ்சும் சார். மிச்சம் வச்சு வேலையை முடிக்கிற பழக்கம் எங்க ஆளுங்களுக்குக் கிடையாது.”

என்ஜினீயர் நோட்டுப் புத்தகத்தில் ‘அகலம்: ஒரு கல்’ என்று எழுதிக்கொண்டார். ஷிப்டு முடிந்து பெண்கள் கூடையும் தோளில் சுத்தியலுமாக எதிரே வந்துகொண்டிருந்தார்கள், முன்னால் மேஸ்திரியின் சம்சாரம். அவர்களில் எவரும் கல்லைவிட்டு இறங்குகிற மாதிரி தெரியவில்லை. அவர் தன் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் இறங்கி வழிவிட்டு நின்றார்.